முட்டைக்குக் காத்திருந்த மாப்பிள்ளை

ஒன்றும் தெரியாதவனைவிட, தெரிந்த மாதிரிப் பேசுகிறவன்தான் சீக்கிரம் அகப்படுவான். நான் அகப்பட்டது கடுகண்ணாவையில், எங்கள் வீட்டுப் பின்வளவில், என் சொந்தப் பறவைக் கூட்டின் முன்னால். (கூடு என்றால் ஆள் நுழையலாம். வாப்பாவின் கார் நிற்க வேண்டிய இடம் அது.)

பிலிமத்தலாவையில் ஒரு வியாபாரியிடம் பெசன்ட் என்கிற அழகுப் பறவைச் சோடி ஒன்று வாங்கினேன். ஒன்றுக்குப் பொன் கொண்டை, சிவந்த நெஞ்சு, முழ நீள வால். மற்றது வெறும் மண்ணிறம். உம்மாவின் அடைக்கோழிக்குத் தங்கச்சி மாதிரி. ஏமாற்றிவிட்டார் என்று எனக்கு வந்ததே கோபம். அடுத்த நாளே அதைத் திருப்பிக் கொண்டுபோய், "ரெண்டும் ஒரே மாதிரி வேணும்" என்று சண்டை பிடித்தேன். அவர் இரண்டு தரம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் விட்டால்தானே. இன்னொரு பொன் கொண்டையை மாற்றி வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

புதுச் சோடி காலையில் எழும்பியதும் ஒன்றையொன்று துரத்தும்.

"கழுத்தப் புடிச்சிக் கொத்துதே, மகன்" என்றார் உம்மா.

"புதுசாக் கலியாணம் முடிச்சதுகள். அப்படித்தான் ஈக்கும்." (எனக்கு அப்போது பெண் பார்க்கவே தொடங்கவில்லை.)

கூடையில் வைக்கோல் பரப்பி வைத்துவிட்டு முட்டைக்குக் காத்திருந்தேன்.

அப்போதுதான் நாவலப்பிட்டியிலிருந்து ரிஸ்னாவின் கலியாணப் பேச்சு வந்தது. ஒரு தரம்தான் பார்த்தேன். அதோடு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளுடைய வாப்பா ஹாட்வெயார் கடைக்காரர், பறவைப் பைத்தியம். மாப்பிள்ளையும் பெசன்ட் வளர்க்கிறான் என்றதும் மனிதர் பாதிச் சம்மதம். மீதியைக் கூட்டைப் பார்த்துவிட்டுச் சொல்வதாக வந்தார். முதல் குஞ்சுகள் அவருக்குத்தான் என்று நான் ஏற்கெனவே சொல்லியனுப்பியிருந்தேன்.

"இது சேவல், மாமா. அது பேடு. முட்டைக்கி வந்து ஈக்கு."

அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். நெடுநேரம் நிமிரவில்லை.

"எப்ப இருந்து முட்டைக்கிப் பாத்துக்கிட்டு ஈக்கீங்க?"

"போன பெருநாள்ல இருந்து."

"பேடு மண்ணிறமா ஈக்கும். இது ரெண்டும் சேவல், மகன்."

உம்மா இனிப்புக்கு வைத்த வட்டிலப்பத்தைச் சாப்பிட்டுவிட்டு, மீதிச் சம்மதத்தைத் தராமலே போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது, பறவைகளுக்காக அல்ல.

மறுநாள் சம்மதம் என்று சேதி வந்தது. "முட்டையே போடாத சோடிக்கி இவ்வளவு காலம் தீனி போட்ட ஆள், என்ட மகளப் பட்டினி போடமாட்டார்" என்று மாமா வீட்டில் சொன்னாராம்.

எங்கள் மகள் கண்டி ஆஸ்பத்திரியில் பிறந்தபோது முதலில் அவருக்குத்தான் கோல் எடுத்தேன்.

"மாமா, பொம்புளப் புள்ள."



"யாரு மகன் பாத்தது? நீங்களா, டொக்டரா?"

இன்றும் எங்கள் குடும்பத்தில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும், சேதி சொல்கிற போனை மட்டும் என் கையில் தருவதில்லை.