மானை விருந்துக்குக் கூப்பிட்டவன்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. "தெரியுமா?" என்று யார் கேட்டாலும் "தெரியும்" என்று சொல்லிவிடுவேன். நீட்டிப் பேசினால் மாட்டிக்கொள்வோம் என்று பயம். அதனால் ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்வேன். மான் விஷயத்தில் அந்த ஒரு சொல்லிலேயே மாட்டிக்கொண்டேன்.

ஆறு வருஷம் ஆகிறது. ஊரில் போர்க்கிணறு வற்றிக் கடலைக்கொல்லை காய்ந்துபோனது. நானும் என் மனைவி காஞ்சனாவும் திருவண்ணாமலைக்கு வந்து, செங்கம் ரோட்டை ஒட்டி மலைப்பக்கமாக இருந்த ஒரு கெஸ்ட் ஹவுஸில் வேலைக்குச் சேர்ந்தோம். எனக்குத் தோட்டம், அவளுக்குச் சமையல். பின்னால் ஓர் அறை கொடுத்தார்கள். மகள் பவித்ரா அந்த அறையிலிருந்துதான் காலேஜுக்குப் போய்வந்தாள்.

முதலாளி சென்னைக்காரர். நல்ல மனுஷர். போன் பார்ப்பது ஒன்றுதான் கெடுதல். ஒரு நாள் காலையில் போனை என்னிடம் நீட்டினார். அதில் எந்த நாட்டுக்காரரோ பச்சைப்பசேலென்று பயிர் வைத்திருந்தார். அதற்குள் மான்கள் மேய்ந்தன. அவர் சிரித்துக்கொண்டு நின்றார். (பயிரை மான் மேயும்போது சிரிக்கிற மனுஷனை அன்றுதான் முதல் தடவை பார்த்தேன்.)

"மானுக்குன்னே பயிர் வெக்கறாங்க ஏழுமலை. நம்ம பின்பக்கம் பத்து சென்ட் சும்மாதான கெடக்குது? மலையிலேர்ந்து மான் எறங்கி வந்தா மாடியில உக்காந்தே பாக்கலாம். உங்களுக்கு மானைப் பத்தித் தெரியுமா?"

"தெரியும் சார்."

பொய் இல்லை. பதினெட்டு வருஷம் மானோடு பழகியிருக்கிறேன். கடலைக்கொல்லையில் பரண் கட்டி, சாப்பாட்டுத் தட்டும் கரண்டியுமாக உட்கார்ந்திருப்பேன். புள்ளிமான் தலை தெரிந்ததும் தட்டைத் தட்டிக் கத்துவேன். என் சத்தம் மூன்று கொல்லை தாண்டிக் கேட்கும். மானை வரவழைக்க மட்டும் தெரியாது. அதை அவர் கேட்கவில்லை.

"தீபக் கூட்டம் வரதுக்குள்ள மான் வந்துடணும். வாசல் போர்டுலயே எழுதிட்டேன். வரலன்னா, தப்பா நெனைக்காதீங்க, நான் வேற ஆளதான் பாக்கணும்" என்றார்.

வேலை போனால் அறை போகும். அறை போனால் மகளின் காலேஜ் போகும். நான் மண்வெட்டியை எடுத்தேன்.

ஆவணியில் மழை பெய்ததும் கொத்தி, கொள்ளும் காராமணியும் விதைத்தேன். ஓரத்தில் அகத்தி. மான் எதை முதலில் கடிக்கும், எதை அப்புறம் கடிக்கும் என்று எனக்கு மனப்பாடம். என் கொல்லையை அது அழித்த வரிசைப்படியே இங்கே விதைத்தேன். ஒரு தொட்டியில் தண்ணீர் வைத்தேன். ஒரு கல்லின் மேல் கல்லுப்பு வைத்தேன். களை எடுத்தேன். சொந்த மாமியார் வீட்டாருக்குக்கூட நான் அப்படிச் செய்ததில்லை. (இது காஞ்சனா சொன்னது.)

பயிர் நன்றாக வந்தது. வந்ததும் தெரு ஆடுகள் எட்டிப் பார்த்தன. சுற்றிலும் குச்சி நட்டுக் கயிறு இழுத்தேன். காஞ்சனாவின் பழைய புடவைகள் ஆறை வாங்கி, கயிற்றில் வரிசையாகக் கட்டினேன். கை தானாகச் செய்த வேலை அது. கட்டி முடித்ததும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

ஆடு வரவில்லை. மானும் வரவில்லை.

புரட்டாசி போனது. ஐப்பசி பிறந்தது. முதலாளி தினமும் மாடியிலிருந்து பார்ப்பார். "இன்னாப்பா, இன்னிக்காவது?" என்பார். நான் மலையைப் பார்ப்பேன். கெஸ்ட் ஹவுஸுக்கு வந்தவர்கள் மான் இல்லாத குறைக்குப் புடவைகளைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

"ஏம்ப்பா, மான் டோக்கன் வாங்கிகினு வருமா?" என்று பவித்ரா கேட்டாள்.

ஒரு நாள் காஞ்சனா அங்கே அகத்திக்கீரை பறிக்க வந்தாள். காற்றில் ஆடுகிற தன் புடவைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"யோவ், நம்ம கொல்லையில எதுக்குப் பொடவ கட்டுவ?"

"மான் வராம இருக்க."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. ஒரு புடவை அசைந்து நின்றது.

"நீயே அவுக்கறியா, இல்ல நான் போயி சார்கிட்ட சொல்லட்டா?"

அவிழ்த்தேன். ஆறையும் மடித்து அவள் கையில் கொடுத்தேன். "இந்த வெவரம் நம்மோட இருக்கட்டும்" என்றேன். (பவித்ராவுக்குச் சாயங்காலமே தெரிந்துவிட்டது.)

நாலாம் நாள் ஈர மண்ணில் குளம்புத் தடம். காராமணிக் கொழுந்து கடிபட்டிருந்தது. முதலாளிக்குக் கால் தரையில் இல்லை. மறுநாள் விடியலில் தங்கியிருந்தவர்கள் எல்லோரையும் மாடிக்கு ஏற்றினார். ஏழெட்டுப் பேர், அதில் வெள்ளைக்காரர்கள் மூன்று பேர். கையில் காபி, தோளில் சால்வை, மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. எனக்கு ஒரே உத்தரவு: உப்பு வைத்துவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார வேண்டும், அசையக்கூடாது.

உப்பைத் தட்டில் கொண்டுபோனேன். கல்லின் மேல் கொட்டினேன். மரத்தடியில் உட்கார்ந்தேன். மடியில் காலித் தட்டு. பக்கத்தில் டீ குடித்த டம்ளர்.

மலை மெல்ல வெளுத்தது. புதரிலிருந்து ஒரு பெட்டைமான் வந்தது. பின்னால் குட்டியோடு இன்னொன்று. அப்புறம் கொம்பு வைத்த கடா. மொத்தம் ஐந்து. ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்து வந்தன. உண்மையைச் சொன்னால், அவ்வளவு நிதானமாக நான் மானைப் பார்த்ததே இல்லை. அதன் முதுகைத்தான் பார்த்திருக்கிறேன், ஓடும்போது. அழகாக இருந்தது.

கடா தலை குனிந்து காராமணியைக் கடித்தது.

அதற்குப் பிறகு நடந்ததற்கு என் புத்தி பொறுப்பில்லை. கை டம்ளரை எடுத்தது. தட்டை ஓங்கித் தட்டியது. வாய் திறந்தது.

"டேய்ய்ய்! ஓட்றா! ஓட்றா!"

ஐந்தும் ஒரே தாவலாகத் தாவி மலைக்குள் போய்விட்டன. தொட்டித் தண்ணீர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. நான் தட்டோடு நடுப்பயிரில் நின்றேன். அங்கே எப்போது போனேன் என்று தெரியவில்லை. மாடியில் ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்தபடியே இருந்தார். யாரோ காபியைக் கொட்டினார்கள்.

அப்போது ரோட்டுப் பக்கப் புல்லிலிருந்து நாலு நாய்கள் எழுந்து குரைத்துக்கொண்டு ஓடின. மான் போன திசையில் கொஞ்ச தூரம் ஓடி, எட்டாது என்று திரும்பின. மாடியிலிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மா கைதட்ட ஆரம்பித்தார். எல்லோரும் தட்டினார்கள்.

முதலாளி இறங்கி ஓடிவந்தார். முகத்தில் உயிர் வந்திருந்தது.

"நாயைப் பாத்துட்டுதான கத்தினீங்க? மானைக் காப்பாத்ததான?"

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். சமையல்கட்டு வாசலில் காஞ்சனா, ஆமாம் சொல்லச் சொல்லி வேகமாகத் தலையாட்டினாள்.

"இல்ல சார். மானைப் பாத்துதான் கத்தினேன். பழக்கம்."

அவர் திரும்பி மாடி ஏறினார். காஞ்சனா அறைக்குப் போய்ப் பாத்திரங்களைத் துணியில் கட்டத் தொடங்கினாள். "பதினெட்டு வருசத்துல ஒரு நாளாவது வாய மூடிகினு இருந்துருக்கியா, அந்த மான்கிட்ட?" என்றாள். மனுஷர்களிடம் நான் வாய் திறப்பதில்லை என்பது அவளுடைய இன்னொரு புகார்.

மதியம் வனக்காவலர் ஒருவர் வந்தார். வாசல் போர்டைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். முதலாளியை நிற்க வைத்துக் கேட்டார்.

"தீனி போட்டு மானை ஊருக்குள்ள இழுக்கலாமா சார்? நாய் ஜாஸ்தி இந்தப் பக்கம். ஒருவாட்டி ருசி கண்டா ரோட்டத் தாண்டிடும். கடிபட்டுச் சாவற மானைத் தூக்கறது நாங்கதான். மொதல்ல இத அழிங்க. அப்பறமும் வரும், பழகிடுச்சு. வந்தா தொரத்த ஆள் வேணும்." என் பக்கம் திரும்பினார். "உனக்கு மான் தொரத்தத் தெரியுமாய்யா?"

"தெரியும் சார்."

முதலாளி என்னைப் பார்த்தார்.

"அது அவருக்கு நல்லாத் தெரியும்" என்றார்.

காஞ்சனா மூட்டையை அவிழ்த்தாள்.

பயிரை அன்றே அறுத்தேன். போர்டை முதலாளியே கழற்றினார். நான் இன்றும் அங்கேதான் வேலை செய்கிறேன். விடியலில் மானையும், டிபன் வேளையில் குரங்கையும் விரட்டுகிறேன்.

போன தையில் பவித்ராவுக்கு நிச்சயதார்த்தம். தட்டு மாற்றும் நேரம் வந்தது. பழமும் பூவும் வைத்த தட்டை நான் தூக்கினேன். எதிரில் சம்பந்தி வீட்டார் கைநீட்டி நின்றார்கள்.

"அம்மா, அப்பா கையில தட்டு குடுத்துட்டியே" என்றாள் பவித்ரா, மாலையும் கழுத்துமாக. "வந்தவங்க ஓடிட்டா இன்னா பண்றது?"

எங்கள் பக்கம் மொத்தமும் சிரித்தது. சம்பந்தி புரியாமல் என்னைப் பார்த்தார். நான் தட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, சத்தம் வராமல் மாற்றினேன்.

யாரும் ஓடவில்லை.