விமானத்துக்குத் தைத்தவள்

விமானத்தை விழுத்தியது சந்திரன். என் தையல் அல்ல.

இதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுவேன். ஏனென்றால் எங்கள் சொந்தக்காரர்கள் எதையும் கடைசிவரை வாசிக்கிற ஆட்கள் இல்லை. சந்திரன் என் கணவரின் தம்பி. போன மாதம் தன் மகளின் கலியாணத்தில், மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு பழைய கதை சொன்னார். ரேடியோவால் ஓட்டுகிற பெரிய போர் விமானம் ஒன்றைத் திருகோணமலையில் முதன்முதலாகச் செய்தது அவரும் அண்ணனும்தானாம். அது சிங்கம் மாதிரிப் பறந்ததாம். (சிங்கம் எந்த ஊரில் பறக்கிறது?) “பிறகென்ன, அண்ணியின்ர தையல் விட்டிட்டுது, விழுந்திட்டுது” என்று முடித்தார். மண்டபம் முழுக்கச் சிரித்தது. நான் முன் வரிசையில் வாய் நிறைய லட்டுடன் இருந்தேன். விழுங்கவும் ஏலாது, துப்பவும் ஏலாது. அதனால்தான் அன்றைக்குப் பேசவில்லை. இப்போது வாய் காலியாக இருக்கிறது.

நடந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். அந்தக் காலத்தில் ஆகாயத்தில் ஏதாவது பறந்தால் ஆட்கள் வெளியே ஓடிவந்து பார்த்தார்கள். நான் கிளிவெட்டியில் இருந்து கலியாணம் முடித்து நகரத்துக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. கையில் ஒரு தையல் மெசின், வாயில் பெரிய கதை. இந்த இரண்டும்தான் என் சொத்து. படலையில் ‘இங்கு சட்டைகள் தைக்கப்படும்’ என்று பலகை தொங்கவிட்டிருந்தேன். வந்ததெல்லாம் ஆம்பிளைகள் இடுப்பில் கட்டுகிற சாரம் மூட்டுகிற வேலையும் பள்ளிக்கூடச் சட்டையை அகலமாக்குகிற வேலையும்தான். ஒரு கலியாண வேலை கிடைத்தால் போதும், ஊரில் பெயர் எடுத்துவிடலாம் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

கிடைக்கிற மாதிரியும் இருந்தது. பக்கத்துத் தெருவில் பிடவைக்கடை வைத்திருந்தவரின் மனைவி லோகேஸ்வரி அக்கா. அவருடைய மகளுக்குக் கலியாணம் பேசி முற்றாகியிருந்தது. பெண்ணுக்கு, தோழிக்கு, மாமிமாருக்கு என்று சேலைக்குப் போடுகிற சட்டைத் துணி ஒரு பெரிய கட்டு. அதை என்னிடம் தருவதா, சந்தைக்குப் பக்கத்தில் இருக்கிற பழைய தையல்காரரிடம் கொடுப்பதா என்று அவருக்கு யோசனை.

அந்த நேரம் பார்த்துத்தான் சந்திரன் கப்பல் வேலையில் இருந்து வந்து இறங்கினான். (அப்போது ‘அவன்’தான். ‘அவர்’ ஆனது பிறகு, தலை வழுக்கை விழுந்த பிற்பாடு.) சிங்கப்பூரில் வாங்கிய ரேடியோப் பெட்டி ஒன்று அவன் கையில் இருந்தது. பெட்டியில் இரண்டு சின்னத் தடிகள், இழுத்தால் ஆள் உயரத்துக்கு வருகிற ஒரு அன்ரனா. தடியை ஆட்டினால் தூரத்தில் பறக்கிற விமானம் திரும்புமாம். என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் மரவேலை. அண்ணனும் தம்பியும் பெட்டியைச் சுற்றிக் குந்தினார்கள். அன்றைக்கு என் சோறு ஆறியது. பிறகு மாதக்கணக்காக ஆறிக்கொண்டே இருந்தது.

அவர்கள் தெரிந்தெடுத்தது ஹரிகேன். உலக யுத்த காலத்தில் சீனன்குடா விமானத்தளத்தில் இருந்து எழும்பின வெள்ளைக்காரனின் சண்டை விமானம். ஒரு செட்டை (இறக்கை) நுனியில் இருந்து மற்றச் செட்டை நுனி வரை எங்கள் கட்டிலை விட நீளம். இது எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் கட்டிலில் அதுதான் படுத்தது. நாங்கள் பாயில் படுத்தோம். எலும்பெல்லாம் தேயிலைப் பெட்டிப் பலகை. எஞ்சின் என் அப்பாவின் வயலுக்கு மருந்தடிக்கிற மெசினில் இருந்து கழற்றியது. அதை ஸ்டார்ட் பண்ணினால் தெரு முழுக்கப் பூச்சிமருந்து நாறும். எங்கள் ஒழுங்கையில் நுளம்பு இல்லாமல் போனது. அந்த விமானத்தால் ஊருக்குக் கிடைத்த ஒரே நன்மை அதுதான்.

எலும்புக்கு மேல் மெல்லிய பட்டுத்துணி போர்த்து, டோப் என்று ஒரு வார்னிஷ் பூச வேண்டும். காய்ந்ததும் துணி பறைத் தோல் மாதிரி இறுகிவிடும். சந்திரன் வெள்ளைப் பட்டும் கொண்டுவந்திருந்தான்.

“அண்ணி, செட்டைக்குத் தலையணை உறை மாதிரித் தைக்கவேணும். ஏலுமோ?”

“தலையணை உறையோ? என்னை ஆரெண்டு நினைச்சாய்?”

தைத்தேன். இரட்டைத் தையல், மடித்துத் தையல், நுனியில் கைத்தையல். கலியாணச் சட்டைக்குக் கூட அப்படி ஒருத்தி மினக்கெட மாட்டாள். தைத்ததோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. வாய் நிற்கவில்லை. லோகேஸ்வரி அக்காவிடம் போய், “அக்கா, விமானத்தின்ர செட்டைக்கே தைக்கிறன். உங்கட மகளின்ர சட்டைக் கைக்குத் தைக்க மாட்டனோ?” என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். “அது பறக்கட்டும் பிள்ளை. பறந்தால் துணிக்கட்டு உனக்கு” என்றார்.

அதோடு என் பிழைப்பு பூச்சிமருந்து எஞ்சினில் ஏறிக்கொண்டது.

செட்டை முடிந்த கையோடு அறுவடைக்கு வரச்சொல்லி அம்மா ஆள் அனுப்பினா. நான் கிளிவெட்டிக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தபோது விமானம் முழுதாக முடிந்து கிடந்தது. பச்சையும் மண்ணிறமும் கலந்த பெயின்ற், செட்டையில் வட்டம் வட்டமாக வெள்ளைக்காரனின் அடையாளம். செட்டையை விட உடம்பு இன்னும் வழுவழுப்பு.

“உடம்புக்கு ஆர் துணி வெட்டினது?”

“நான்தான் அண்ணி.” (சந்திரன் தன் வாயால் சொன்னது இது.)

“உடம்பு முழுக்கப் போர்க்கச் சிங்கப்பூர்ப் பட்டுக் காணுமாயிருந்ததோ?”

“காணும், காணும்.”

பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் இருமினார். புகையில்லை, தூசியில்லை, எதற்கு இருமுகிறார்? மூளை உள்ள பெண்சாதி அந்த இடத்தில் கேட்டிருப்பாள். நான் அதன் வயிற்றைத் தடவி, “ஆகா, என்ன பளபளப்பு, நல்ல துணி” என்று மெச்சினேன். இவர் தூக்கிப் பார்த்து, “கொஞ்சம் பாரமாத்தான் போச்சு” என்றார்.

இன்னொரு கெட்டித்தனமும் சந்திரன் செய்திருந்தான். விமானத்துக்குள் இருக்கிற ரேடியோவுக்கு ஒரு நீள வயர்தான் காது. அதை வெளியே இழுத்து வாலில் கட்ட வேண்டுமாம். வயர் தொங்கினால் வடிவில்லை என்று சொல்லி, அதை உடம்புக்குள்ளேயே விட்டு மூடிவிட்டான். முற்றத்தில் வைத்துத் தடியை ஆட்டினார்கள், வால் ஆடியது. “கேக்குது, கேக்குது” என்று குதித்தார்கள். எங்கள் முற்றத்தில் இரண்டு கோழி எதிரும் புதிருமாக நடக்க ஏலாது. அந்தத் தூரத்தில் செவிடனுக்கும் கேட்கும்.

ஞாயிற்றுக்கிழமை கடலோரத்து முற்றவெளிக்குக் கொண்டுபோனோம். மேய்ந்துகொண்டு நின்ற மான்களைக் கலைப்பதே பெரும்பாடாகிவிட்டது. சனம் சேர்ந்துவிட்டது. முக்கால்வாசிப் பேர் நான் அழைத்த ஆட்கள். அம்மா மூதூரில் லாஞ்ச் ஏறி வந்திருந்தா. லோகேஸ்வரி அக்கா புதுச் சேலையில், குடையோடு. புது வாகனம் அல்லவா, நான் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்தேன், மூக்கில் சந்தனப் பொட்டு வைத்தேன், ஆலாத்தி எடுத்தேன். எந்தப் பொருளுக்கு ஆலாத்தி எடுத்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

சந்திரன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பெட்டியைப் பிடித்தான். எஞ்சின் கத்தியது. விமானம் ஓடியது, துள்ளியது, எழும்பியது. உண்மையாக எழும்பியது! அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்தார்கள். லோகேஸ்வரி அக்கா என் தோளைப் பிடித்து, “பறக்குது பிள்ளை! நாளைக்கே வந்து துணியைத் தூக்கிக்கொண்டு போ” என்றார். என் வாழ்க்கையில் அவ்வளவு உயரத்தில் நான் இருந்தது அந்த ஒரு நிமிஷம்தான்.

விமானம் கடலுக்கு மேலே போனது. போய்க்கொண்டே இருந்தது.

“தம்பி, காணும். திருப்பு” என்றார் இவர்.

“திருப்புறன் அண்ணை. அது திரும்புதில்லை.”

“வலப்பக்கம் இழு!”

“வலமும் இழுக்கிறன், இடமும் இழுக்கிறன். சொல்லுக் கேக்குதில்லை!”

சந்திரன் பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு கடலை நோக்கி ஓடினான். கறுப்புக் கண்ணாடியோடும் புது லோங்ஸ் காற்சட்டையோடும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, தடிகளைக் கண்டபாட்டுக்கு ஆட்டினான். காற்று அடித்ததோ என்னவோ, விமானம் தானாகவே வளைந்து கரைப் பக்கம் வந்தது. கிட்ட வந்ததும் அதற்குத் திடீரென்று காது கேட்டது. அந்த நேரம் சந்திரனின் விரல் எதை இழுத்துக்கொண்டிருந்ததோ அதைச் செய்தது. மூக்கைக் குத்திக்கொண்டு சனத்துக்கு மேலே இறங்கியது.

“படுங்கோ! படுங்கோ!”

படுத்தோம். அம்மா படுக்கவில்லை. “எனக்கு முழங்கால் மடங்காது” என்று நின்றபடியே திட்டினா. லோகேஸ்வரி அக்கா குடையை எறிந்துவிட்டு, மான் நின்ற இடத்தில் முகம் குப்புற விழுந்தார். மான் நின்ற இடத்தில் என்ன கிடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. எங்கள் முதுகுக்கு மேலே பூச்சிமருந்து நாற்றம் போனது. பிறகு அது மேலே ஏறி, மறுபடியும் கடலுக்குப் போய், மறுபடியும் செவிடாகி, ஒரு சுற்றுச் சுற்றித் தண்ணீரில் விழுந்தது.

சல்லிக் கிராமத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த மீன்பிடி வள்ளம் ஒன்று அதைக் கட்டி இழுத்துக்கொண்டு கரைக்கு வந்தது. வள்ளக்காரர் இறங்கி என்னைப் பார்த்துக் கேட்டார்:

“தங்கச்சி, இது பொம்பிளைப் பிளேனோ? சீலை உடுத்திருக்கு.”

பார்த்தேன். உடம்பில் இருந்த பெயின்ற் பாம்புச் சட்டை மாதிரி உரிந்து தொங்கியது. அதற்குக் கீழே சிவப்புப் பட்டு. பட்டில் தங்கச் சரிகை, மாங்காய் மாங்காயாக, மூக்கில் இருந்து வால் வரை வெயிலில் மின்னியது.

அம்மா கிட்ட வந்தா. “எடியே, இது உன்ர கூறையெல்லோ!”

“இல்லையம்மா. என்ர கூறை அலுமாரிக்குள்ள கிடக்கு.”

“அப்ப இது ஆற்ற கூறை? அந்த வெள்ளைக்காரன்ர பெண்சாதியின்ரயோ?”

கலியாணத்தில் நான் உடுத்த கூறைச் சேலை. அதன் முந்தானை. சனம் சிரிக்கத் தொடங்கியது. அந்த நேரம்தான், தண்ணீர் சொட்டச் சொட்டக் கரையேறின சந்திரன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினான்: “தையல் விட்டிட்டுது! செட்டைத் தையல் விட்டுத்தான் விழுந்தது!”

நான் உடைந்த செட்டையைத் தலைக்கு மேலே தூக்கினேன். கடல் அடித்தும், வள்ளம் இழுத்தும், என் தையலில் ஒரு நூல் அசையவில்லை. “பாருங்கோ! எங்க விட்டிருக்கு?” என்று கத்தினேன். ஒருவரும் செட்டையைப் பார்க்கவில்லை. எல்லோரும் கூறையைப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்தேன். கூறையைச் சுற்றி வைத்த வெள்ளைத் துணி மூட்டை அப்படியே இருந்தது. அவிழ்த்தால், உள்ளே சந்திரனின் கட்டம் போட்ட சாரம். கூறை மாதிரியே மடித்து, பூச்சி உருண்டையும் வைத்து.

“சிங்கப்பூர்ப் பட்டை அளக்காமல் வெட்டிப்போட்டன் அண்ணி. உடம்பு போர்க்கக் காணாமப் போச்சு” என்றான். “அண்ணைதான் எதையாவது எடு எண்டவர்.”

“நான் என்ர பட்டு வேட்டியை எடுக்கச் சொன்னனான்” என்றார் இவர்.

“வேட்டி காணாது அண்ணை.”

“என்ர கூறை காணுமாயிருந்ததோ?” என்று கேட்டேன். அண்ணன் நிலத்தைப் பார்த்தார், தம்பி கூரையைப் பார்த்தான்.

அடுத்த நாள் லோகேஸ்வரி அக்காவிடம் போனேன். துணிக்கட்டு சந்தைத் தையல்காரரிடம் போய்விட்டது. “குறை நினையாத பிள்ளை. மணவறையில வைச்சுச் சட்டைக் கை கழண்டு விழுந்தால் நான் ஆரைப் பிடிக்கிறது?” என்றார். அவர் மட்டுமா? நகரத்தில் ஒருத்தியும் எனக்குக் கலியாணச் சட்டை தைக்கத் தரவில்லை. நான் கடைசிவரை சாரம்தான் மூட்டினேன்.

உண்மை எனக்குத் தெரியவந்தது பிறகு. ‘கிட்ட வந்தால் கேட்டது, தூரப் போனால் கேட்கவில்லை’ என்பது என் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. ஒருநாள் சமைக்கிற நேரம், குசினியில் பாடிக்கொண்டிருந்த சின்ன ரேடியோவை, சந்திரன் வெட்டி ஒளித்து வைத்திருந்த மிச்சக் கூறையின் வெறும் பட்டுப் பக்கத்தால் சுற்றினேன். பாடியது. மிஞ்சின சரிகைத் துண்டை எடுத்து இறுக்கிச் சுற்றினேன். பாட்டுக்காரர் கிணற்றுக்குள் விழுந்துவிட்டார். இவரைக் கூப்பிட்டேன். சுற்றிப் பார்த்தார், அவிழ்த்துப் பார்த்தார், மறுபடி சுற்றிப் பார்த்தார். “சரிகை உலோகமெல்லே. உள்ளுக்கு இருந்த வயருக்குக் காது அடைச்சுப் போச்சு” என்றார். பிறகு, “தம்பிக்குச் சொல்லாதையும். பாவம், கவலைப்படுவான்” என்றார். நான் சாரம் மூட்டுகிறது பாவமில்லை, சந்திரன் கவலைப்படுகிறதுதான் பாவம்!

எங்கள் குடும்பத்தில் யாருக்குக் கலியாணம் நடந்தாலும், கூறைத் தட்டத்தைச் சபையோரிடம் ஆசீர்வாதத்துக்குக் கொண்டு வரும்போது யாராவது ஒருவர் சொல்லுவார்: “சந்திரன் இருக்கிற பக்கம் கொண்டு போகாதேங்கோ, பறந்திடும்.” அந்தக் கதையை அவரும் கேட்டுச் சிரிக்கிறார். சிரிக்கட்டும். கூறை போனதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். தையலை விட மாட்டேன்.

தம்பி சந்திரன், வருகிற தையில் உம்முடைய மகனுக்குக் கலியாணம். அதே மண்டபம், அதே மைக். நீர் பேசாமல் இருக்க மாட்டீர் என்று எனக்குத் தெரியும். மேடையில் ஏறி, முந்தானையை வெட்டியது யார், வயரை உள்ளே விட்டு மூடியது யார், செட்டையில் ஒரு நூலாவது விட்டிருந்ததா என்று சபைக்குப் பதில் சொல்லும். அண்ணனைச் சாட்சிக்குக் கூப்பிடாதையும், அவர் இருமுவார். லோகேஸ்வரி அக்காவும் வருவா. இப்போது காது மந்தம், கடைசி வரிசையில்தான் இருப்பா. அவவுக்குக் கேட்கிற மாதிரிச் சொல்லும்.