விழாத வீட்டுக்கு விழுந்த பூஜ்யம்

அன்புள்ள தம்பி பெலார்மினோவுக்கு, மூத்தவன் அபெலார்தோ எழுதுவது. நானும் உன் அண்ணி ஓர்ஃபெலினாவும் சௌக்கியம். மழையும் சௌக்கியம், நிற்கவே இல்லை. உன் வீட்டில் எல்லாரும், உன் உழவு மாடுகள் உட்பட, நலமாக இருக்கப் புனித மிக்கேலை வேண்டிக்கொள்கிறேன். மாடுகளை விசாரித்ததற்கு நீயாக ஓர் அர்த்தம் கற்பித்துக்கொள்ள வேண்டாம்.

ஏனென்றால் உன் அண்ணி எனக்குத் தெரியாமல் உனக்குச் சொல்லியனுப்பியது எனக்குத் தெரியும். கரை சரிகிறதாம், மரவீட்டை அப்படியே உருட்டுக்கட்டைமேல் ஏற்றி, மாடு பூட்டி இழுத்துப் போக ஊரைக் கூட்ட வேண்டுமாம். நம் சிலோயே தீவில் அதற்கு ஒரு முறை இருக்கிறது. வீட்டுக்காரன் வாசல் வாசலாகப் போய், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தன் வாயால் கேட்க வேண்டும். கேட்காத வீட்டை ஒருவரும் தொடக்கூடாது. நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

கரை சரியாது என்று அவளுக்கு நிரூபித்துக் காட்டத்தான் நான் பல்கலைக்கழகத்துக்கே போனேன். வயதானவர்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்கலாம் என்று வானொலியில் சொன்னார்கள். இயற்கைப் புவியியல், முதலாமாண்டு. காற்று, கடல், மழை, மண் நான்கும் ஒன்றையொன்று எப்படி ஆட்டிவைக்கின்றன என்ற பாடம். நடத்துகிறவள் ஒயார்சுன் என்று ஒரு சின்னப் பெண். சொந்த ஊர் அந்தோஃபகஸ்தா. ஒரு சொட்டு மழை விழுந்தால் ஊரே வாசலுக்கு வந்து பார்க்கிற பாலைவனம். அவள் எனக்கு மழையைப் பற்றிச் சொல்லித் தருகிறாள், நானும் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், நீராவி மேலே போகிறது என்றாள், போகட்டும் என்று விட்டேன், மலை தடுக்கிறது என்றாள், தடுக்கட்டும் என்று விட்டேன், கடைசியில் அலை கரையின் அடியைக் குடைகிறது, மழை மேல்மண்ணை ஊறவைக்கிறது, இரண்டும் சேர்ந்தால் களிமண் சரிகிறது என்று சொல்லி விளக்கை அணைத்துத் திரையில் ஒரு படம் போட்டாள் பார், என் வீடு. என் கோழிக்கூண்டு. கொடியில் என் உள்ளாடை.

பக்கத்தில் இருந்த பையன் சிரிக்கிறான். “இன்னும் இதுல ஆள் இருக்காங்களா? யாருய்யா அந்தக் கிறுக்கன்?”

நான் எழுந்து நின்றேன். “நான்தான்டா அந்தக் கிறுக்கன். படத்தை எடுக்கச் சொல்லு உங்க டீச்சர.”

அவள் படத்தை எடுக்கவில்லை. “ஐயா, ரொம்ப நல்லதாப் போச்சு, அப்ப நாங்க நேர்லயே வந்து பாக்கலாமா?” என்கிறாள். நான் வாய் திறக்கும் முன்னே அடுத்த வாரம் வகுப்பு முழுக்க என் தோட்டத்தில் நிற்கிறது. கரை ஓரமாகச் சிவப்புக் குச்சிகள் நட்டார்கள். உன் அண்ணி எனக்கு வைத்திருந்த மில்காவோ என்ற உருளைக்கிழங்கு அடைகளை எல்லாம் அவர்களுக்குச் சுட்டுப் போட்டாள். மறுமுறை வந்தபோது குச்சிகள் இல்லை. கடல் குச்சியைத் திருடினால் அதற்கு நான் என்ன செய்ய, என்றேன். அதே பையன், “தாத்தா, குச்சி மட்டும் போகல, அது நின்ன இடமும் போச்சு” என்றான். உன் அண்ணி அவனுக்கு இன்னொரு மில்காவோ கொடுத்தாள்.

இதைவிடப் பெரிய அக்கிரமம் கேள். கடல் ஓரிடத்தில் தின்ற மண்ணைக் கரையோரமாகவே தள்ளிக்கொண்டு போய் இன்னோரிடத்தில் போடுமாம். எந்த இடம் என்று வரைபடத்தில் காட்டினாள். உன் வீட்டு முன்கரை. நம் அப்பா எனக்குக் கொடுத்த உருளைக்கிழங்கு நிலத்தில் பாதி இப்போது உன் வாசலில் மணலாகப் படுத்திருக்கிறது, அதன்மேல் நீ படகை ஏற்றி வைத்திருக்கிறாய், இத்தனை நாளாக ஒரு வார்த்தை சொன்னாயா?

பரீட்சையும் எழுதினேன். “படத்திலுள்ள வீட்டுக்கு என்ன ஆகும்? காரணம் கூறுக.” ஒன்றும் ஆகாது, விழாது என்று எழுதினேன். காரணம்: நான் அதில் குடியிருக்கிறேன். அதற்குப் பூஜ்யம். மற்ற எல்லாருக்கும் முழு மதிப்பெண், என் வீடு விழும் என்று எழுதியதற்காக. உன் அண்ணி அந்தத் தாளைச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாள். ஆகவே தம்பி, மாடுகளை அவிழ்க்காதே. கயிறு திரட்டாதே. இந்த வீடு இருக்கிற இடத்தில்தான் இருக்கும்.

உனக்கும் உன் மனைவிக்கும் என் ஆசீர்வாதம். கிழங்கு அழுகாமல், அடுப்பு அணையாமல், கடவுள் உங்களைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
எதற்கும் அசையாத அண்ணன்
அபெலார்தோ மன்சீயா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது கோழிக்கூண்டு கடலுக்குள் போய்விட்டது. கோழிகள் வீட்டுக்குள் ஏறிவிட்டன, ஒன்று என் கட்டிலில் இருக்கிறது. சனிக்கிழமை மாடுகளோடு வா, கிடைக்கிற ஆட்களையெல்லாம் கூட்டி வா. வீட்டை உன் வாசல் பக்கம் இழுத்துக்கொண்டு போவோம். என் நிலம் முன்னாலேயே அங்கே வந்துவிட்டது, வீடு அதன் பின்னால் வருவதில் உனக்கென்ன ஆட்சேபணை இருக்க முடியும்? முறைப்படி நான் நேரில் வந்து தொப்பியைக் கழற்றிக் கேட்க வேண்டும்தான். ஆனால் வெளியே போக முடியவில்லை. நான் உள்ளே இருப்பதால்தான் இது நிற்கிறது. தொப்பியை இங்கே கழற்றி வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், உன் அண்ணி சாட்சி. அந்த ஒயார்சுன் பெண்ணுக்கும் பையன்களுக்கும் சொல்லியனுப்பிவிட்டேன், கயிறு பிடிக்க வருகிறார்கள். வீடு விழாமல் போய்ச் சேர்ந்ததும் அங்கேயே அவளை அந்தப் பூஜ்யத்தைத் திருத்தச் சொல்.