அதே ஆடுதான் மாமா

"ஏங்க, என்னது இது, முடி கருகற நாத்தம்?"

சமையலறையிலிருந்து மனைவி குரல் கொடுத்ததும் சின்ன மாப்பிள்ளை முதலில் தன் மீசையைத்தான் தடவிப் பார்த்தார். பத்திரமாக இருந்தது. புருவமும் இருந்தது. லைட்டரை அணைத்துவிட்டு, சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் திருகி வைத்திருந்த வைஸ் என்ற குட்டி இடுக்கியைக் குனிந்து பார்த்தார். அதன் வாயில் ஒரு தூண்டில் கொக்கி. கொக்கியில் கட்டியிருந்த வெள்ளை முடியின் நுனி கருத்துச் சுருண்டிருந்தது.

"ஒண்ணுமில்ல. கைமுடி லேசா பொசுங்கிருச்சு போல."

"மூக்குக் கண்ணாடி ரிப்பேர் பண்ற கைக்கு இதெல்லாம் தேவையா?"

தேவைதான். அதுவும் இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் தேவை.

கடைத்தெருவில் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவருக்கு, மாமனார் வீடு இரண்டு வாசல் தள்ளி. அதனால் தெருவே அவரைச் சின்ன மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடும். மாமனார் சுங்க இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வருடத்துக்கு ஒரு முறை ஏரியில் மீன்பிடிப் போட்டி நடக்கும். ஒரு படகுக்கு இரண்டு பேர். மாமனாரின் படகில் முன் சீட்டு எப்போதும் பெரிய மாப்பிள்ளைக்கு. சின்ன மாப்பிள்ளைக்கு, கரையில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பையைக் காவல் காக்கும் உத்தியோகம். இந்த வருடம் பெரிய மாப்பிள்ளைக்கு வெளியூர் மாற்றலாகிவிட்டது. முன் சீட்டு காலி.

அந்தச் சீட்டின் மேல் சின்ன மாப்பிள்ளைக்குக் கொள்ளை ஆசை. மீன் கிடைக்கிறதோ இல்லையோ, மாமனாரோடு ஒரே படகில் போய்வந்தால் போதும், மாப்பிள்ளை உத்தியோகம் நிரந்தரமாகிவிடும் என்று நினைத்தார்.

ஆனால் அந்தப் படகுக்கு இரண்டு சட்டம் உண்டு. தூண்டிலில் மாட்டுகிற பொய்மீனை அவரவர் கையாலேயே கட்ட வேண்டும். அதில் பிளாஸ்டிக் இருக்கக் கூடாது. கொக்கியில் சுற்றுவது முடி, இறகு, நூல். அவ்வளவுதான்.

சின்ன மாப்பிள்ளைக்கு இது புது வேலை. முதலில் மலிவான சரக்கில் கட்டிப் பழகுவோம், கை வந்தபிறகு அசல் ஆட்டு முடிக்குப் போவோம் என்று நினைத்து, தூண்டில் கடையில் புதிதாக வந்திருந்த பிளாஸ்டிக் இழையைக் கேட்டார். கடைக்காரர் யாரோடோ போனில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கியபடியே, மேசைக்கு அடியிலிருந்து ஒரு காகித உறையை எடுத்து நீட்டினார்.

இந்த இழையைப் பற்றி போனில் ஒரு வீடியோ இருந்தது. நுனியைத் தீயில் காட்டினால் உருகி அழகாக ஒட்டிக்கொள்ளும் என்றது வீடியோ. இவருக்குக் கருகியது. தண்ணீரில் முக்கி ஒரு உதறு உதறினால் காய்ந்துவிடும் என்றது. இவருடையது குளித்துவிட்டு வந்த பூனை மாதிரி சொட்டிக்கொண்டே இருந்தது. ஆடத் தெரியாதவர்கள்தான் கூடம் கோணல் என்பார்கள். நம்மவர் நல்லவர். சரக்கின் மேல் பழி போடாமல் தன் கையையே நொந்துகொண்டு, பிரித்துப் பிரித்துக் கட்டினார்.

ஒன்று மட்டும் அவருக்கு நன்றாக வந்தது. மூட்டு. பொய்மீன் இரண்டு துண்டு: முன்னால் தலை, பின்னால் வால். நடுவில் இரண்டையும் கம்பியால் கோக்க வேண்டும். கண்ணாடிக் காம்புகளில் திருகாணி மாட்டியே பழகிய விரல்களுக்கு அது பெரிய காரியமா? மெல்லிய கம்பியை வளைத்து, மனைவியின் அறுந்துபோன பாசிமாலையிலிருந்து இரண்டு மணியைக் கோத்து, முடுக்கிவிட்டார். குளியலறை பக்கெட் தண்ணீரில் இழுத்துப் பார்த்தபோது அது வாலை ஒரு பக்கம் வீசி, தலையை மறுபக்கம் திருப்பி, நெளிந்து நெளிந்து போயிற்று.

கரண்டியோடு வந்த மனைவி அப்படியே நின்றுவிட்டாள்.

"ஐயோ, உசிரோட இருக்கற மாதிரியே இருக்குங்க!"

சின்ன மாப்பிள்ளைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் வாசல் மணி அடித்தது காதில் விழவில்லை.

"என்ன மாப்பிள்ளை, குளியலறையில மீன் புடிக்கறீங்களா?"

மாமனார் பின்னால் நின்றுகொண்டிருந்தார். பக்கெட்டிலிருந்து பொய்மீனை எடுத்தார். மூட்டை ஆட்டிப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, வால் முடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெதுவாக உருட்டினார்.

"அசல் ஆட்டு முடி," என்றார்.

"மாமா, அது வந்து..."

"பேசாதீங்க. துறைமுகத்துல முப்பது வருஷம் போலிச் சரக்கு புடிச்சவன் நான். பட்டுன்னு சொல்லி நைலான் கொண்டுவருவான், தோலுன்னு சொல்லி ரெக்ஸின் கொண்டுவருவான். பேப்பரைப் பாக்கவே மாட்டேன். இந்த ரெண்டு விரல் போதும்."

"இல்ல மாமா, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"ஞாயித்துக்கிழமை முன் சீட்டு உங்களுக்குத்தான்."

சின்ன மாப்பிள்ளை வாயை மூடிக்கொண்டார். உண்மையைச் சொல்ல அவர் இரண்டு தரம் வாயைத் திறந்தார் என்பதற்கு நாம் சாட்சி. மூன்றாம் தரம் திறப்பதற்கு அவர் மகான் இல்லை.

"ஆமா, எங்க புடிச்சீங்க?" என்றார் மாமனார். "கடையில ஆட்டு முடி இருந்தது ஒரே உறை. அதை நான் முன்னாடியே சொல்லிவெச்சு வாங்கிட்டேனே?"

"கண்ணாடி போட வர்றவர் ஒருத்தரு... ஆடு வளர்க்கறாரு மாமா."

"அப்படியா! எனக்கும் ஒரு கைப்பிடி வாங்கிட்டு வாங்க. என்கிட்ட இருந்ததை ஒண்ணு கட்டறதுலயே தீத்துட்டேன்."

மாமனார் போனதும் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"எந்த ஆடு?"

"எதாவது ஒரு ஆடு."

"இல்லாத ஆட்டுக்கு எப்படிங்க முடி வெட்டுவீங்க? பேசாம அப்பாகிட்ட உண்மையைச் சொல்லிடுங்க."

"போட்டி முடியட்டும். சொல்லிடறேன்."

எதிர்வீட்டில் ஒரு நர்ஸம்மா இருந்தார். அவரிடம் பஞ்சு என்று ஒரு நாய். பெயருக்கேற்ற நாய். உடம்பு பூராவும் வெள்ளை வெளேரென்று நீள முடி; எந்தப் பக்கம் முகம் என்பதே அது குரைத்தால்தான் தெரியும். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பார்களே, அதைச் செய்ய சின்ன மாப்பிள்ளை எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார்.

"வெயிலுக்குப் பஞ்சு ரொம்பக் கஷ்டப்படுது நர்ஸம்மா. நான் வேணா லேசா முடி வெட்டி விடட்டுமா?"

"உங்களுக்கு அதெல்லாம் தெரியுமா தம்பி?"

"கத்தரி புடிக்கற கைதானே."

இடது விலாவில் ஒரு கைப்பிடிதான் எடுத்தார். அது பள்ளமாகத் தெரிந்தது. சுற்றிச் சமன் செய்தார். இடது பக்கம் இளைத்துவிட்டது. வலது பக்கத்தையும் அதே அளவுக்குக் கொண்டுவந்தார். இப்போது முதுகு மட்டும் கூரை போல் நின்றது. அதைக் குறைக்கப் போனபோது பஞ்சு ஒரு தும்மல் போட்டது. கத்தரி வழுக்கிக்கொண்டு போயிற்று. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகி, அந்தக் குரங்கும் பாதியில் நின்றது.

நர்ஸம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"தம்பி, முன்னாடி பாத்தா நாய், பின்னாடி பாத்தா எலி!"

"வளர்ந்துடும் நர்ஸம்மா," என்று சொல்லிவிட்டு, முடிப் பையோடு சின்ன மாப்பிள்ளை நடையைக் கட்டினார்.

அலசிக் காயவைத்து மாமனாரிடம் கொடுத்தார். மாமனார் கண்ணை மூடினார். விரலில் உருட்டினார். நெற்றி சுருங்கியது.

"இது வேற ஆடு."

"அதே ஆடுதான் மாமா."

"அது மொறமொறன்னு இருந்துச்சு. இது மெதுமெதுன்னு இருக்கே?"

"வயித்துப் பக்கம் மாமா."

மாமனார் யோசித்தார். "ஒரே ஆட்டுக்கு ரெண்டு விதமா முடி இருக்குன்னா அது சாதாரண ஆடே இல்ல. நான் அதைப் பாத்தே ஆகணும். ஞாயித்துக்கிழமை ஏரிக்குப் போற வழியில அந்த ஆட்டுக்காரர் வீட்டுக்கு ஒரு எட்டுப் போயிட்டுப் போலாம்."

ஞாயிறு வரை சின்ன மாப்பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை. ஆட்டுக்காரர் ஊரில் இல்லை என்று சொல்லலாமா, ஆடு செத்துப்போய்விட்டது என்று சொல்லலாமா என்று புரண்டு புரண்டு பார்த்தார். செத்துப்போனதாகச் சொன்னால் மாமனார் துக்கம் விசாரிக்கக் கிளம்பிவிடுவார்.

ஞாயிறு காலை. மாமனார் தொப்பி வைத்துக்கொண்டு, தான் கட்டிய பொய்மீனைத் தொப்பியின் முன்னால் பதக்கம் மாதிரி குத்திக்கொண்டு வந்தார். தூண்டில்களைக் காரில் ஏற்றும்போது எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பஞ்சு ஓடிவந்து மாமனாரின் காலைச் சுற்றியது.

"அடடே, உனக்கு என்னடா ஆச்சு?"

பாவப்பட்டு அதன் கழுத்தில் மிச்சமிருந்த முடியைக் கோதினார். கோதிய விரல்கள் பாதியில் நின்றன. கண்ணை மூடினார். உருட்டினார். கண்ணைத் திறந்தார்.

"மாப்பிள்ளை."

"மாமா."

"இதுதான் அந்த ஆடா?"

சின்ன மாப்பிள்ளை கையிலிருந்த தூண்டிலைக் கீழே வைத்தார். இனி மறைத்துப் பிரயோஜனமில்லை. எல்லாவற்றையும் கொட்டினார். நாய் முடி. இல்லாத ஆடு. முதலில் காட்டியது கடையில் வாங்கிய பிளாஸ்டிக். சொல்லி முடித்தபோது அவமானத்தில் காது சுட்டது. ஆனாலும் மனசிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது நிஜம்.

மாமனார் நாயிடமிருந்து கையை எடுத்தார். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"தெரியும்," என்றார்.

"என்ன மாமா தெரியும்?"

"பிளாஸ்டிக்னு. அன்னிக்குத் தொட்டதுமே தெரிஞ்சுது. நீங்களா ஒத்துக்கறீங்களான்னு பாத்தேன்."

"அசல் ஆட்டு முடின்னு சொன்னீங்களே மாமா?"

"போலிக்காரனை அப்படித்தான் பேசவிட்டுப் புடிப்போம்."

கீழே விழுந்தாலும் மாமனார் மீசையில் மண் ஒட்டவில்லை. தொப்பியைக் கழற்றி நீட்டினார்.

"இதைத் தொடுங்க. இதுதான் அசல். உள்ளுக்குள்ள ஒரு சூடு தெரியுதா?"

"தெரியுது மாமா," என்றார் சின்ன மாப்பிள்ளை. வேறு என்ன சொல்வார்?

"பிளாஸ்டிக் கட்டினவன் என் படகுல ஏறக் கூடாது. அது நானா இருந்தாலும் சரி. சட்டம்னா சட்டம். நீங்க வழக்கம்போல சாப்பாட்டுப் பையைப் பாத்துக்கங்க."

வழியெல்லாம் பாடம் நடந்தது. அசலுக்கும் போலிக்கும் உள்ள வித்தியாசத்தை மாமனார் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டி விளக்கினார். மடியில் சாப்பாட்டுப் பையை வைத்துக்கொண்டு சின்ன மாப்பிள்ளை தலையாட்டிக்கொண்டே வந்தார். ஜன்னலுக்கு வெளியே ஏரி தெரிய ஆரம்பித்தபோது அவருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

ஏரிக்கரையில் போட்டிக்காகத் தூண்டில் கடைக்காரர் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். மாமனார் நேராக அங்கே போனார். நாலு பேர் காதில் விழட்டும் என்று குரலை உயர்த்தினார்.

"ஏம்ப்பா, நீயே சொல்லு. என் படகுல பிளாஸ்டிக் ஏறலாமா?"

கடைக்காரர் மாமனாரைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"ஏறக் கூடாதுதான் சார். அதைச் சொல்லத்தான் ரெண்டு நாளா உங்களுக்குப் போன் போட்டுட்டே இருக்கேன். அன்னிக்கு உறை மாறிப்போச்சு: உங்க ஆட்டு முடி மாப்பிள்ளைகிட்ட இருக்கு, மாப்பிள்ளையோட பிளாஸ்டிக்தான் இப்ப உங்க தொப்பியில ஆடிட்டிருக்கு."