புதுசு சாரும் அறுவடை மெஷினும்

தஞ்சாவூர் ஜில்லாவிலேயே எதையும் திருத்தாமல் வாழ்ந்த ஒரே மனிதர் எங்கள் புதுசு சார்தான். மெடிக்கல் காலேஜ் ரோட்டில், மாடியில் இருந்த எங்கள் சின்ன மென்பொருள் அலுவலகத்தில் மூத்த புரோகிராமர். டீயில் சர்க்கரை குறைந்தால்கூடப் போட்டுக் கலக்க மாட்டார்.

"போட்ட டீ போட்டதுதான் தம்பி. சர்க்கரை கூட வேணும்னா அது வேற டீ!" என்று புதுசாக ஒன்று கொண்டுவரச் சொல்லுவார். பழையது எனக்கு வரும். அந்த வருஷங்களில் நான் சர்க்கரை பத்தாத டீதான் குடித்தேன்.

வாடகை அறுவடை மெஷின்களை வயல் வயலாகப் பிரித்து அனுப்ப அவர் எழுதிய புரோகிராமும் அப்படித்தான். ஃபங்ஷனல் புரோகிராமிங் என்பார்கள். ஒரு தகவல் மாறினால் பழையதைத் தொடாமல் புதிதாக இன்னொன்றை உண்டாக்க வேண்டும். கணக்கு பிசகவே பிசகாது. ஆனால் வேகம்? எந்த அறுவடை மெஷின் எந்த வயலுக்குப் போக வேண்டும் என்று அது காலையில் சொல்லி முடிப்பதற்குள் டிரைவர்கள் மதியச் சாப்பாட்டையே முடித்துவிடுவார்கள்.

எங்கள் முதலாளியம்மா புத்தம்புது கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார். மற்ற வேலையெல்லாம் பறந்தது. சாருடைய புரோகிராம் மட்டும் அதே ஆடி அசைந்த நடை.

"மழை வருது சார். திங்கக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா இதைத் தூக்கிட்டு வேற ஆளை எழுதச் சொல்லிடுவேன். கோச்சுக்காதீங்க," என்றார் அம்மா. சாருக்கு முகம் செத்துவிட்டது. அந்த புரோகிராம் அவருக்குப் பெற்ற பிள்ளை.

ஞாயிற்றுக்கிழமையும் வந்து திரையையே முறைத்துக்கொண்டிருந்தவர், திடீரென்று தலையில் அடித்துக்கொண்டார்.

"தம்பி, பாபநாசத்துல ஒரு வயல், ஒரத்தநாட்டுல ஒரு வயல்னு மெஷினை அலைய விட்டா என்ன ஆகும்?"

"ரோட்டுலயே பொழுது போயிடும் சார்."

"நம்ம கம்ப்யூட்டரும் ரோட்டுலதான் தம்பி நிக்குது! நான் புதுசு புதுசா போட்டதெல்லாம் மெமரியில மூலைக்கு ஒண்ணா கிடக்கு. பிராசஸர் எவ்வளவு வேகமா இருந்து என்ன? ஒவ்வொண்ணும் வந்து சேர்றவரைக்கும் சும்மா நிக்குது!"

பக்கத்துப் பக்கத்து வயல்களை ஒரே மெஷினுக்குச் சேர்த்துக் கொடுப்பதற்கென்றே எழுதிய புரோகிராம், தன் சொந்தத் தகவலை ஜில்லா முழுக்க இறைத்து வைத்திருந்தது! நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே வரிசையில் நெருக்கி அடுக்கினார். ஆனால் அந்த வரிசைக்குள் மட்டும் பழையதன் மேலேயே புதியதை எழுத வேண்டியிருந்தது. வேறு வழியில்லை.

திங்கள் காலை, டிரைவர்கள் வண்டியைக் கிளப்பும் முன்பே பட்டியல் வந்துவிட்டது. அம்மா எல்லோருக்கும் அசோகா அல்வா வாங்கி வரச் சொன்னார். சார் தொடவே இல்லை.

"அதான் ஜெயிச்சிட்டோமே சார், ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க?"

"ஒரே ஒரு இடத்துல அழிச்சு எழுதிட்டேன் தம்பி. வெளியில யாருக்கும் தெரியாது," என்றார். கண் கலங்கியிருந்தது.

வேறு யாராக இருந்தாலும் இதை வைத்தே ஒரு மாதம் கிண்டலடித்து ஓட்டியிருப்பேன். நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். என் பங்கு அசோகாவையும் அவருடையதற்குப் பக்கத்திலேயே தொடாமல் வைத்துவிட்டேன்.