கறுப்பு வெள்ளை மாமனார்

"மாப்ள, எங்கண்ணன எப்போ எடுக்கறீங்க?"

திருக்கோவிலூரிலிருந்து ஜெயம்மாள் அத்தை போனில் அழுதுகொண்டே கேட்டபோது, சுபாஷ் அதே அண்ணனின் மீசையைத்தான் லேப்டாப்பில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னா அத்த சொல்றீங்க? மாமா நல்லாத்தானே இருக்காரு?"

"என்கிட்டயே மறைக்கிறியே மாப்ள. அதான் படம் வந்துடுச்சே."

"இன்னா படம்?"

"கறுப்பு வெள்ளையில. கீழ ஒரு எழுத்துகூட இல்ல. எழுத மனசு வரல போல, யார் பெத்த புள்ளயோ."

அத்தை அந்தப் படத்தை அனுப்பி வைத்தாள். சுபாஷ் அதைத் திறந்து பார்த்தான். அவனே பென்சிலால் வரைந்து, அவனே ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் எடுத்த படம் அது. மாமனார் சுப்புராயன் அதில் யாரையும் நம்பாத முகத்தோடு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்யாணம், காதுகுத்து, கன்று போட்ட மாடு என்று எதை வேண்டுமானாலும் வாட்ஸப்பில் கலரில் அனுப்பலாம். ஒருவரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஆனால் ஒரு வயதானவரின் முகம் மட்டும் தனியாக, கறுப்பு வெள்ளையில், ஒரு வார்த்தை இல்லாமல் வந்தால் கள்ளக்குறிச்சி ஜில்லா முழுவதும் அதற்கு ஒரே அர்த்தம்தான். அடுத்த வேலையாக அவர்கள் மாலை வாங்கப் போய்விடுவார்கள்.

சுபாஷுக்குக் கள்ளக்குறிச்சியில் மோட்டார் காயில் கட்டும் கடை. பகலெல்லாம் கையில் வார்னிஷ் நாற்றம், சாயங்காலமானால் பென்சில். சின்ன வயசிலிருந்தே வரைகிறவன். வண்ணம் போடுகிற ஆசை மட்டும் இப்போது புதிதாக வந்தது. மனைவி ஜெயசுதா காலேஜில் படித்தபோது அரசாங்கம் கொடுத்த லேப்டாப் பரணில் கிடந்தது. அதைத் தூசி தட்டி எடுத்து, வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தான். திரையில் தாள் மேல் தாளாக அடுக்கினால் பென்சில் கோடு மேல்தாளில் இருக்க வேண்டும், வண்ணம் அடித்தாளில் போக வேண்டும் என்பது முதல் பாடம். கோட்டில் மயிரிழை இடைவெளி இருந்தாலும், ஊற்றுகிற வண்ணம் வரப்பு உடைந்த தண்ணீராகப் பக்கத்தில் பாய்ந்துவிடும் என்பது, யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவனே கற்ற பாடம். அப்படி ஒரு முறை ஜெயசுதாவின் பச்சைப் புடவை அவள் கழுத்து வழியாக ஏறி, முகத்தை நிரப்பி, வானத்துக்கும் போய்விட்டது. அவள் அதைப் பார்த்துவிட்டு அன்று முழுவதும் பேசவில்லை.

மாமனார் பேசாதது வேறு கதை. நிச்சயதார்த்தத்தன்று சுபாஷ் ஆசையாக அவரை வரைந்து சட்டம் போட்டுக் கொடுத்தான். மூக்கை உள்ளது உள்ளபடியே வரைந்திருந்தான். பந்தியில் யாரோ அதைப் பார்த்துச் சிரித்தார்கள். அன்றிலிருந்து சுப்புராயன் மருமகனிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு, "ஜெயா, அவரு சாப்ட்டாரானு கேளு" என்பார். "சாப்ட்டேன் மாமா" என்று சுபாஷ் சொன்னாலும், மகள் வாயால் ஒரு முறை கேட்ட பிறகுதான் தலையாட்டுவார்.

வருகிற மாதம் அவருக்கு அறுபதாம் கல்யாணம். அதற்குள் அவரை வண்ணத்தில், இந்த முறை மூக்கைப் பக்குவமாக வரைந்து கொடுத்துவிட வேண்டும் என்று சுபாஷ் உயிரைக் கொடுத்துக்கொண்டிருந்தான். 'மாப்ள' என்று அவர் வாயால் ஒரே ஒரு தடவை கேட்டால் போதும் அவனுக்கு. மீசைக்கு அவர் சாயம் அடிக்கிறாரா இல்லையா என்பதில் மட்டும் சந்தேகம். அதைக் கேட்கத்தான் முந்தின நாள் மச்சான் பகலவனுக்கு அந்த ஸ்கேன் படத்தை அனுப்பினான். யாருக்கும் காட்டாதே என்று சத்தியமும் வாங்கியிருந்தான்.

இப்போது பகலவனுக்கே போன் போட்டான்.

"மாமா, நான் யாருக்கும் அனுப்பல. சத்தியமா."

"யாருக்குமே காட்டலயா?"

"அப்பா எட்டிப் பாத்தாரு, காட்னேன். ஒன்னும் சொல்லல. உர்ருனு பாத்துட்டு போன திருப்பிக் குடுத்துட்டாரு."

சுபாஷுக்கு மனசு விட்டுப்போயிற்று. "இப்ப அவரு எங்க?"

"கரும்புக்குத் தண்ணி கட்டிக்கினு இருக்காரு. ஏன் மாமா, நம்ம வூட்டாண்ட யாரோ சேர் எறக்கறாங்களே?"

ஜெயசுதா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் போனைப் பிடுங்கி, சொந்தக்காரர்கள் குழுவில் "அப்பா நல்லா இருக்காரு" என்று எழுதினாள். அடுத்த நொடியே வடக்கனந்தல் சித்தப்பாவிடமிருந்து பதில் வந்தது: "பாவம், புள்ளைக்கு அதிர்ச்சியில ஒன்னும் புரியல. யாராச்சும் பக்கத்துல இருங்கப்பா."

"உங்களுக்கு யாரு சித்தப்பா அனுப்புனது?" என்று அவருக்கே போன் போட்டுக் கேட்டாள்.

"திருக்கோவிலூர்லேர்ந்து ஜெயம்மா அனுப்புச்சும்மா. மனச தேத்திக்கோ."

ஜெயம்மாள் அத்தையோ தனக்குச் சங்கராபுரத்திலிருந்து வந்தது என்றாள். சங்கராபுரத்துச் சொந்தக்காரர் தனக்கு வடக்கனந்தலிலிருந்து வந்ததாகச் சொல்லி அழுதார்.

"கறுப்பு வெள்ளையா இருக்கறதுதான் தப்பு. கலர் போட்டு அனுப்பிட்டா போதும், உசுரோட இருக்காருனு தெரிஞ்சிடும்" என்றான் சுபாஷ்.

அவசரத்தில் முகத்துக்கு ஊற்றிய மாநிறம் காது வழியாக ஒழுகிப் படம் முழுவதும் மாமனார் நிறமாகிவிட்டது. போட்டதை அழித்து, காதோரக் கோட்டின் இடைவெளியை அடைத்து, மறுபடி ஊற்றினான். சட்டைக்கு வெள்ளை, துண்டுக்குச் சிவப்பு. களையாக இருக்கட்டும் என்று நெற்றியில் வட்டமாகக் குங்குமம் வைத்தான். குழுவில் போட்டான்.

"பொட்டு வெச்சதும் சாமியாட்டம் இருக்காரு" என்று பதில் வந்தது. கீழே கும்பிட்ட கைகள் வரிசையாக வந்து விழுந்தன.

"நம்ம வூட்ல செத்துப்போன எல்லாருக்கும் படத்துல பொட்டு இருக்குதுங்க. உயிரோட இருக்கறவங்களுக்கு யாரு வெக்கறாங்க?" என்றாள் ஜெயசுதா.

சுபாஷ் பொட்டை அழித்தான். முகம் இருண்டு தெரிந்தது. வெளிச்சம் காட்டினால் முகம் உயிர்பெறும் என்று வீடியோவில் சொன்னது ஞாபகம் வந்து, தலைக்குப் பின்னால் மஞ்சளாக ஒரு வட்டம் பரப்பினான். வட்டம் நன்றாகவே வந்தது. அனுப்பினான்.

"ஒளியா போயி சேந்துட்டாரு" என்று அழுதார் வடக்கனந்தல் சித்தப்பா.

சுபாஷ் விடவில்லை. இது பிறந்தநாள் படம் என்று எல்லாருக்கும் புரிய வேண்டுமானால் எழுதிவிடுவதுதான் வழி என்று, படத்தின் அடியில் அவர் பெயரையும் பிறந்த தேதியையும் பெரிதாகப் போட்டான்.

சங்கராபுரத்துக்காரர் உடனே கேட்டார்: "இன்னொரு தேதி வுட்டுப்போச்சே தம்பி. நேத்து ராத்திரியா, இன்னிக்குக் காலையிலயா?"

ஜெயசுதா லேப்டாப்பை மூடினாள். "நீங்க இன்னும் ஒரு கலர் போட்டீங்கன்னா எங்கப்பாவ நெஜமாவே தூக்கிக்கினு போயிடுவாங்க. வண்டிய எடுங்க."

மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் போகிற ரோட்டில் ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர்கள் வழிவிடாமல் ஊர்ந்தன. பைக் அவற்றின் பின்னால் ஊர்ந்தது. சங்கராபுரம் தாண்டியதும் குளிர்ப்பெட்டி ஏற்றிய வேன் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு அவர்களை முந்திப் போனது. முன்கண்ணாடியில் ரோஜா மாலை தொங்கியது.

பின்னால் ஜெயசுதா விசும்புவது கேட்டது.

"மாமாவுக்கு ஒன்னும் இல்லம்மா. உனக்கே தெரியுமே" என்றான்.

"தெரியுதுங்க. தெரிஞ்சாலும் அந்தப் பொட்டிய பாத்ததும் இன்னாவோ பண்ணுது. நீங்க வேகமா போங்க."

சுபாஷ் ஆக்சிலேட்டரை முறுக்கினான். அந்த மனிதர் தன்னிடம் பேசாமலே இன்னும் நாற்பது வருஷம் இருந்துவிட்டுப் போகட்டும், இருந்தால் போதும் என்று முதல் முறையாகத் தோன்றியது.

வீட்டு வாசலில் நாற்காலிகள் போட்டாயிற்று. பந்தலுக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். அவற்றின் நடுவே சுப்புராயன், முழங்கால்வரை சேறோடு, தோளில் பச்சைத் துண்டோடு, தனக்கு வந்த மாலைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேன் டிரைவர் அவரிடமே போய் மெதுவாகக் கேட்டார்.

"பெரியவரே, தவறுனது யாருங்க?"

"நான்தாம்பா. செத்த உக்காரு, டீ குடிச்சிட்டுப் போ."

ஜெயசுதா ஓடிப்போய் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு நிமிஷம் விடவே இல்லை. அவர் அசௌகரியமாக நெளிந்தார், ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

மாமியார் பெரியநாயகி அடுக்களைக்கும் வாசலுக்கும் நடையாக நடந்துகொண்டிருந்தாள். "கல்லாட்டம் புருசன் இருக்கும்போது வந்து என்னக் கட்டிக்கினு அழுவறாங்க. அந்தப் படத்த ஊரெல்லாம் அனுப்புனவன் மட்டும் என் கையில கெடச்சான்…"

மாமனார் வீட்டு டிராக்டர் டிரைவர் வீரமுத்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கமாக நகர்ந்தான்.

சுபாஷுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "அத்த, அனுப்புனது யாருனு தெரியல. ஆனா வரைஞ்சது நான். அறுபதுக்குக் குடுக்கலாம்னு வரைஞ்சேன். கலர் போட்டு கெடுத்ததும் நான்தான். மன்னிச்சிடுங்க மாமா."

ஜெயம்மாள் அத்தைகூட ஒப்பாரியை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். சுப்புராயன் தலையைக் குனிந்துகொண்டு மாலையிலிருந்து ஒவ்வொரு இதழாகப் பிய்த்துக்கொண்டிருந்தார். வைவார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள்.

"சரி, வுடுங்க. வந்தவங்க எல்லாம் சாப்ட்டுட்டுத்தான் போவணும்" என்றார் கூட்டத்தைப் பார்த்து. பிறகு மகளிடம் திரும்பினார். "ஜெயா, அவருகிட்ட சொல்லு. நான் போடறது பச்சைத் துண்டு. செவப்பு இல்ல."

அவ்வளவுதான். எழுந்து மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய்விட்டார்.

இவ்வளவு ரகளைக்கு நடுவிலும் குற்றம் கண்டுபிடிக்கிறாரே என்று சுபாஷ் நொந்துபோனான். சாப்பாடு இறங்கவில்லை. அறுபதாம் கல்யாணத்துக்கு ஜெயசுதாவை மட்டும் அனுப்பிவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்துகொண்டான். சாவு வீட்டுச் சாப்பாட்டுக்கு வந்தவர்கள் உயிரோடிருப்பவர் வீட்டுச் சாப்பாட்டை ஒரு கட்டு கட்டிக்கொண்டிருக்க, அவன் மட்டும் டிராக்டர் ஓரமாக வந்து நின்றான். தூரத்தில் கல்வராயன் மலை மேல் மேகம் இறங்கியிருந்தது. போனை எடுத்து அந்தப் படத்தை அழிக்கப் போனான்.

"அழிக்காதீங்கண்ணா" என்றது ஒரு குரல். வீரமுத்து சக்கரத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான்.

"ஏன்யா? இன்னும் யாருக்காச்சும் அனுப்பணுமா? எவன் பண்ண வேலைனு தெரிஞ்சாலாவது மனசு ஆறும்."

வீரமுத்து எழுந்து, கொட்டகைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிட்டே வந்தான்.

"நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்கண்ணா. சின்னவரு பகலவன் குளிக்கப் போன நேரம் பாத்து, உங்க மாமனாருதான் அவரு போன எடுத்தாந்து, படத்த உன் போனுக்கு ஏத்தி கரும்பு போடறவங்க குரூப்புல போடுடா, சொந்தக்காரங்க வரைக்கும் ஒருத்தர் வுடாம போயி சேரணும்னு குடுத்தாரு; கீழ ஏதாச்சும் எழுதட்டுங்களானு கேட்டதுக்கு, 'இன்னாத்துக்குடா எழுதணும், பாத்தாலே எம் மாப்ள கைனு ஊருக்கே தெரியாதா'ன்னாரு."