இருநூறில் நூற்றைம்பத்தேழு

விருதுநகர் மாவட்டத்திலேயே தசமப் புள்ளியோடு நேருக்கு நேர் பகை வைத்திருந்த ஒரே மனிதர் எங்கள் வீசம் அண்ணாச்சிதான். சிவகாசியில் நான் வேலை பார்த்த அச்சகத்தில் கட்டிங் மெஷின் அவர் வசம். அங்குலத்தைப் பதினாறாக வகுத்தால் ஒரு பங்குக்கு வீசம் என்று பேர். அவருடைய இரும்பு ஸ்கேலில் அதற்குக் கீழே கோடு கிடையாது. அதனால் அவருக்கும் அதுவே பேராகிவிட்டது. சொந்தப் பேர் அவர் மனைவிக்காவது தெரிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நான் கம்ப்யூட்டர் பிரிவு. ஜாப் கார்டில் 5.375 என்று அளவு எழுதி அனுப்புவேன். அண்ணாச்சி மெஷினைத் தொடமாட்டார். காக்கித் தாளை விரித்து, ஆயிரத்துக்கு மேலே 375 என்று எழுதி, மேலேயும் கீழேயும் ஐந்தால் வகுப்பார். மறுபடி ஐந்து. மறுபடியும் ஐந்து. எட்டில் மூன்று என்று வந்த பிறகுதான் முகத்தில் ரத்தம் ஓடும்.

மனைவிக்குக் காய்ச்சல் 101.4 என்று நர்ஸ் சொன்னால், எங்களிடம் வந்து, "நூத்தியொண்ணு, அதோட அஞ்சுல ரெண்டு" என்பார். டீக்கடை டிவியில் ஓவருக்கு 5.33 ரன் தேவை என்று காட்டியபோது கடையே நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தது. அண்ணாச்சிக்கு வேறு கவலை.

"அஞ்சு ரன்னு சரி. மிச்சம் மூணுல ஒண்ணை எவம்லே ஓடுவான்?"

அந்த வருஷம் தீபாவளி சீசனில்தான் என் பிழைப்பு அவருடைய வகுத்தலில் போய் மாட்டியது. அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றுக்கு கிஃப்ட் பாக்ஸுக்குள் நிற்கும் தடுப்பு அட்டை வெட்ட வேண்டும். அச்சு எதுவும் இல்லாத வெறும் அட்டை. கார்டில் இருக்கும் அளவுதான் எல்லாம். குறைத்து வெட்டிவிட்டால் ஒட்டவைக்க முடியாது. அட்டை மில்லில் இனி தீபாவளிக்குப் பிறகுதான் ஸ்டாக் என்று கையை விரித்துவிட்டார்கள். இதற்கு முந்தின மாதம்தான் நான் ஒரு லேபிளில் கலரை மாற்றிவிட்டு, "இன்னொரு லோடு வீணாச்சுன்னா வீட்டோட இருந்துக்கோங்க" என்று முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். வீட்டில் மனைவிக்கு ஏழாம் மாதம்.

கார்டில் 4.785. வாசலில் டெம்போ ஹாரன் அடிக்கிறது. அட்டைக் கட்டு கத்திக்கு அடியில் தயார். அண்ணாச்சி தரையில் உட்கார்ந்து வகுக்கிறார். ஐந்தால் வகுத்ததும் இருநூறில் நூற்றைம்பத்தேழு. அதோடு நின்றுவிட்டது. இரண்டுக்கும் மசியவில்லை, ஐந்துக்கும் மசியவில்லை.

"என்ன அண்ணாச்சி, வெட்டுறீகளா இல்லையா?" முதலாளிக்குக் குரல் ஏறிவிட்டது.

"ஸ்கேல்ல இப்பிடி ஒரு கோடே இல்லையே முதலாளி. ஸ்கேலை வச்சு அளந்தவன் எப்பிடி இந்த அளவைச் சொல்லியிருப்பான்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கம்ப்யூட்டர் தப்புப் போடாது அண்ணாச்சி. வெட்டுங்க."

"பார்ட்டி எளுதிக் குடுத்த சீட்டு இருக்கும்ல தம்பி? அதைக் கொண்டாங்க."

வேகமாகத்தான் போனேன். என் மேஜையில் சீட்டைப் பிரித்தேன். நாலு, பக்கத்தில் எட்டில் ஏழு. அது 4.875. எட்டையும் ஏழையும் நான்தான் இடம் மாற்றி அடித்திருக்கிறேன். கம்ப்யூட்டர் பாவம், நான் அடித்ததைத்தான் காட்டியது. திரும்பி நடந்த அந்த இருபது அடியில் ஆமத்தூரில் நாங்கள் குடியிருந்த வீடு, அதன் வாடகை, மனைவியின் வயிறு எல்லாம் கண்முன் வந்து போயின.

அண்ணாச்சி எழுந்து பாதி வழிக்கே வந்துவிட்டார். சீட்டைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினார்.

"நாந்தான் தப்பா வகுத்திட்டேன் முதலாளி. நாலே முக்காலே அரைக்கால், அதாவது நாலும் எட்டுல ஏழும். இப்ப சரியா வந்திருச்சு."

"இம்புட்டு நேரம் வண்டியை நிறுத்திப்போட்டு, கணக்குத் தப்புங்கிறீகளே! இனிமே இந்தக் காக்கித் தாளு கணக்கெல்லாம் இங்கன வேண்டாம்" என்று முதலாளி எல்லோர் முன்னாலும் பொரிந்து தள்ளினார். பைண்டிங் ஆட்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். வகுத்தலில் ஒருநாளும் தோற்காத மனுஷன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் வாயைத் திறக்கவில்லை. இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

கத்தி இறங்கியது. டெம்போ போனது. கை கழுவும் இடத்தில் சீட்டை என்னிடம் நீட்டி, "கார்டைத் திருத்திட்டு இதைக் கிளிச்சுப் போட்ருங்க. புள்ளை வரப்போற நேரம்" என்றார்.

மகளுக்கு இப்போது கல்யாண வயது. இந்த வீட்டில் நாங்கள் சாப்பிடும் சோற்றில் அண்ணாச்சிக்கும் ஒரு பங்கு உண்டு. எத்தனையில் ஒரு பங்கு என்பதைத்தான் என்னால் வகுக்கவே முடியவில்லை.